இடுப்பு வலிக்கு எது மருந்து? – ஆராய்ச்சிகள் காட்டும் வழி

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் கொண்டாட்டங்களின் நடுவே உடல்நலத்திற்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிய விழாக் குழுவினருக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எதைப் பற்றிப் பேசலாம் என்று கலந்து பேசியபோது இருதய நோய், சர்க்கரை நோய் என்று பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் வந்தன. நான் இடுப்பு வலியைத் தேர்ந்துகொண்டேன். காரணம் உண்டு. இது ஆளைக் கொல்லுகிற நோய் அன்று. ஆளை முடக்குகிற நோய். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதரை வேலை செய்ய இயலாமல் வீட்டில் உட்காரவைக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்கே.

அந்தப் பெரிய எண்ணிக்கையை விட்டுவிட்டு நம்மையே பார்ப்போம். நாற்று நடுகிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பேருந்து ஓட்டுநர்கள், தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்கள், முழந்தாளிட முடியவில்லையே என்று மனம் வருந்தும் மூதாட்டிகள் – இவர்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திராதவர் எத்தனை பேர்? எண்ணெய் தேய்த்தவர்கள், சுளுக்கு வழித்தவர்கள், பெல்ட் கட்டியவர்கள், ஊசி போட்டவர்கள், ஸ்கேன் எடுத்தவர்கள், நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்குப் பணம் கட்டியவர்கள் – எல்லாரும் நம்மிடையே உண்டு. ஒவ்வொருவரும் தமக்குக் கேட்ட வைத்தியத்தை அடுத்தவருக்கும் சொல்லுகிறார்கள். இத்தனை வைத்தியங்களில் எது உண்மையிலேயே பயன் தருகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

காக்கையும் பனம்பழமும்

இடுப்பு வலியை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். திடீரென்று வந்து சில நாளிலோ சில வாரங்களிலோ தணிந்துவிடுவது ஒன்று. மூன்று மாதத்திற்கு மேலும் நீடிப்பது மற்றொன்று. இதை நாள்பட்ட வலி என்கிறோம். இரண்டிலுமே பத்தில் ஒன்பது பேருக்கு, 'இன்ன எலும்பு, இன்ன நரம்பு' என்று சுட்டிக்காட்டக்கூடிய தனிக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

இந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. அது கடல் அலையைப் போல ஏறும், இறங்கும். நாள்பட்ட வலிகூட ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நாம் எப்போது வைத்தியரைத் தேடிப் போகிறோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருந்து அது எங்கே போகும்? பெரும்பாலும் கீழே இறங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் நாம் எண்ணெய் தேய்த்திருந்தால் எண்ணெய்க்குப் பெயர். ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர். ஒன்றுமே செய்யாமல் இருந்தவனுக்கும் குறைந்திருக்கும், ஆனால் அவன் அதை யாரிடமும் போய்ச் சொல்லுவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் முன்னோர் இதைத்தான் சொன்னார்கள்.

வைத்தியர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் நம்மைப்போலவே காக்கையைப் பார்க்கிறார், பழம் விழுவதையும் பார்க்கிறார். நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள பெரிய டாக்டர் ஆனாலும், தம் கண்ணால் மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. அதற்கு வேறொரு வழி தேவைப்பட்டது.

திருவுளச் சீட்டு

அந்த வழி மிகவும் எளிமையானது. ஒரே நோய் உள்ள பலரைச் சேர்ப்பது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரும் தீர்மானிக்காமல், நோயாளியும் தீர்மானிக்காமல், திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் குலுக்கலுக்கு விட்டுவிடுவது. இப்படிப் பிரித்தால் இளைஞர், முதியவர், கடும் வலிக்காரர், லேசான வலிக்காரர், தைரியசாலி, பயந்தவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பிறகு இரு தரப்பாரையும் பல மாதங்கள் கவனித்து வந்தால், காலம் ஆற்றியது எவ்வளவு, மருந்து ஆற்றியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். முடிந்த இடங்களில் ஒரு சாராருக்கு உண்மை மாத்திரையும், மறு சாராருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுப்பார்கள். யார் எதை உட்கொள்கிறார் என்பது ஆராய்ச்சி முடியும் வரை யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இம்முறையில் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டார்கள். அதன்பின் இந்த முறை உலகெங்கும் பரவியது. இதில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்நாளில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். ஓய்வும் சத்துணவும்தான் உயிர் காக்கும் என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். சென்னையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் சானடோரியத்தில். மறு சாரார் தம் வீட்டிலேயே, நெருக்கடியான குடியிருப்புகளில், எளிய உணவோடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதிலும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. குடும்பத்தைப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நிலை எத்தனையோ ஏழைகளுக்கு நீங்கிற்று.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், இடுப்பு வலி ஆராய்ச்சியிலும் முதலில் சந்தேகத்திற்கு உள்ளானது அதே படுக்கைதான்.

படுக்கை மருந்தா?

இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகைக் கட்டிலில் படு, அசையாதே என்பதுதான் நெடுங்கால அறிவுரை. இரண்டு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம் என்றுகூடப் படுக்க வைத்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை 2 நாள் படுக்கச் சொன்னார்கள், மறு சாராரை 7 நாள் படுக்கச் சொன்னார்கள். முடிவு 1986-இல் வெளியாயிற்று. வலி குறைவதில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் 2 நாள் படுக்கச் சொன்னவர்கள் சராசரியாக 3.1 நாள் வேலையை இழந்தார்கள். 7 நாள் படுக்கச் சொன்னவர்கள் 5.6 நாள் இழந்தார்கள். கூடுதல் படுக்கையால் கிடைத்தது கூடுதல் கூலி இழப்பு மட்டுமே.

பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நகராட்சி ஊழியர்கள் 186 பேர். ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி. மூன்றாம் பிரிவினரிடம், 'வலி இடங்கொடுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்துவாருங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். 1995-இல் வெளியான முடிவின்படி, மூவரில் விரைவாகத் தேறியவர்கள் அந்த மூன்றாம் பிரிவினரே. மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

இவை திடீர் வலி பற்றிய ஆராய்ச்சிகள். ஆனால் நாள்பட்ட வலிக்கும் இதில் பாடம் உண்டு. படுக்கப் படுக்கத் தசை தளரும். தசை தளரத் தளர அசைவதற்குப் பயம் வரும். பயம் வந்தால் மேலும் படுக்கை. மூன்று வாரத்தில் தீரவேண்டிய வலி மூன்று மாத வலியாக மாறுவதற்கு இந்தச் சுழல் ஒரு முக்கியமான காரணம்.

ஸ்கேன் படம் சொல்வது என்ன?

அடுத்து நான் தொடப்போவது, பலர் மனத்தைக் கலக்கும் விஷயம். 'ஸ்கேன் எடுத்தோம் டாக்டர், ஜவ்வு விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், எலும்பு தேய்ந்துபோயிற்றாம்' என்று முகம் வாடி வருகிறார்கள். வலியைவிட அந்தத் தாள்தான் அவர்களை அதிகமாக முடக்கியிருக்கிறது.

முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும் என்பதை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் 1934-இல் எடுத்துக்காட்டினார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதன் பிறகு எல்லா இடுப்பு வலிக்கும் வட்டின் மேலேயே பழி விழத் தொடங்கியது. 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலாவது வட்டு புடைத்திருந்தது. எல்லா வட்டுகளும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே! 2015-இல், வலியில்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கு.

அப்படியானால் தேய்மானம் என்பது பெரும்பாலோருக்குத் தலைமுடி நரைப்பது போன்றது. நரைத்த தலையில் தலைவலி வந்தால் நரையினால் வந்தது என்று சொல்லமாட்டோம் அல்லவா?

ஆபரேஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தி, வலி தொடை வழியாகக் கால் வரை மின்னல்போல் இறங்குகிறவர்கள் வேறு. இடுப்பில் மட்டும் வலி உள்ளவர்கள் வேறு. முன்னவர்களுக்கு ஆபரேஷன் விரைவான நிவாரணம் தருகிறது. நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆராய்ச்சி, சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகத் தணிந்ததையும், ஓராண்டு முடிவில், தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன் என்று பொறுத்திருந்தவர்களும் அவர்களும் ஒரே நிலைக்கு வந்துவிட்டதையும் காட்டியது. ஆனால் இடுப்பு வலிக்கு மட்டுமாக எலும்புகளை இணைத்துப் பூட்டுகிற ஆபரேஷனின் கதை வேறு. பிரிட்டனில் 15 மருத்துவமனைகளில் 349 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு அந்த ஆபரேஷனும், மறு சாராருக்குத் தீவிரப் பயிற்சியும் மனத்திடமூட்டும் ஆலோசனையும் கொடுத்தார்கள். 2005-இல் வெளியான முடிவு: ஈராண்டுக்குப் பின் இரு சாராரும் தேறியிருந்தார்கள், பயிற்சியைவிட ஆபரேஷன் மேலானது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை, செலவு மட்டும் ஆபரேஷனுக்கு மிகுதி. ஆகவே, கால்வலியோ நரம்புப் பலவீனமோ இல்லாமல் இடுப்பு வலிக்கென்று மட்டும் ஆபரேஷன் சொன்னால், நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள்.

மாத்திரையும் ஊசியும்

வலிமாத்திரை விஷயத்திலும் ஆராய்ச்சி நம் எண்ணங்களைத் திருத்தியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலிக்காரர் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் பாராசிட்டமாலைச் சோதித்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவில், மாத்திரையை வேளை தவறாமல் உட்கொண்டவர்கள் குணமாக நடுமட்டமாக 17 நாள் ஆயிற்று. வெறும் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு 16 நாள்!

அபின் இனத்தைச் சேர்ந்த வலுவான மாத்திரைகள் உண்டு. நாள்பட்ட வலிக்கு இவற்றை அமெரிக்காவில் தாராளமாகக் கொடுத்து, அதனால் எத்தனையோ குடும்பங்கள் அந்த மாத்திரைக்கு அடிமையாகிச் சீரழிந்ததை உலகம் அறியும். அங்கே மின்னியாபொலிஸ் நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ நிலையங்களில், நாள்பட்ட இடுப்பு வலி அல்லது மூட்டுவலி உள்ள 240 பேரைப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். 2018-இல் வந்த முடிவு: வலுவான அபின் மாத்திரை சாதாரண வலிமாத்திரைகளைவிட எவ்வகையிலும் மேலாக வேலை செய்யவில்லை. பக்கவிளைவு மட்டும் அதிகம். சாதாரண வலிமாத்திரைகளும் குற்றமற்றவை அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு வரக்கூடும். சில நாளுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் அவை உதவும்.

இனி, சற்று வியப்பூட்டும் இரண்டு ஆராய்ச்சிகள். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படி ஊசி குத்தும் அக்குபங்சர். ஒரு பிரிவினருக்கு இடம் தவறிய, ஆழமில்லாத போலிக் குத்தல். மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம். 2007-இல் வெளியான முடிவில், ஆறு மாதத்திற்குப் பின் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 விழுக்காடு. ஊசி எந்த இடத்தில் குத்தப்பட்டது என்பதால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஆனால் குத்திக்கொண்ட இரு பிரிவினரும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் 2016-இல் வெளியான சிறிய ஆராய்ச்சி இன்னும் விந்தையானது. 'இதில் மருந்து எதுவும் இல்லை, வெறும் மாத்திரைதான்' என்று வெளிப்படையாகவே சொல்லி, நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு வலி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. வழக்கமான வைத்தியத்தை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 9 விழுக்காடுதான்.

இதைக் கேட்டு, 'அப்படியானால் வலி வெறும் மனப்பிரமைதானே?' என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வலி உண்மையானது. திருடனை ஒருமுறை கண்டுவிட்ட வீட்டு நாய், அதன் பிறகு சருகு அசைந்தாலும் குரைக்கும். குரைப்பு உண்மை, ஆனால் வாசலில் திருடன் இல்லை. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் அப்படித்தான் கூர்மையாகிவிடுகிறது. தூக்கமின்மை, கவலை, கடன், வீட்டுச் சண்டை, 'இனி எழவே முடியாதோ' என்ற அச்சம் – இவை ஒவ்வொன்றும் அந்த நாயை மேலும் சீண்டிவிடுகின்றன. பொறுமையாகக் கேட்கும் ஒரு மருத்துவர், தொட்டுப் பார்க்கும் ஒரு கை, 'தேறிவிடுவீர்கள்' என்ற நம்பிக்கை – இவை அதைச் சற்று அமைதிப்படுத்துகின்றன. அந்த இரு ஆராய்ச்சிகளின் முடிவை நான் இவ்வாறே புரிந்துகொள்கிறேன்.

எஞ்சி நிற்பது எது?

இப்படி ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தபின் சல்லடையில் எஞ்சி நிற்பது என்ன? முதலாவது, உடல் அசைவு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி பயன் தருகிறதா என்று சோதித்த 249 ஆராய்ச்சிகளை 2021-இல் ஒன்றுதிரட்டி ஆராய்ந்தார்கள். வலியை 100 புள்ளி அளவில் குறித்தால், ஒன்றும் செய்யாதவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்குச் சராசரியாக 15 புள்ளி குறைந்தது. அடியோடு போய்விடவில்லை, ஆனால் குனிந்து குழந்தையைத் தூக்க முடியாதவர் தூக்கும் அளவுக்கு இந்த 15 புள்ளி உதவக்கூடும்.

எந்தப் பயிற்சி சிறந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 228 பேரிடம் யோகாசனத்தையும், சாதாரணமாக உடலை நீட்டி மடக்கும் பயிற்சியையும், சுயமாகப் பார்த்துக்கொள்ள உதவும் ஒரு புத்தகத்தையும் ஒப்பிட்டார்கள். 2011-இல் வந்த முடிவில், யோகாவும் நீட்டல் பயிற்சியும் புத்தகத்தைவிட மேலாக இருந்தன. தமக்குள் சமமாக இருந்தன. ஆகவே பெயர் முக்கியமில்லை. உங்களுக்குப் பிடித்ததும், நாள்தோறும் விடாமல் செய்யக்கூடியதும் எதுவோ அதுவே உங்களுக்குச் சிறந்த பயிற்சி.

இரண்டாவது, அச்சத்தைக் களைவது. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட வலியால் வேலை முடங்கிய 492 பேரிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற பிசியோதெரபி நிபுணர், நோயாளியின் கதையை முழுவதும் கேட்டு, அவர் எந்த அசைவுக்கு அஞ்சுகிறாரோ அதையே மெல்ல மெல்லச் செய்யப் பழக்கினார். மூன்று மாதத்தில் ஏழு சந்திப்பு வரை, பிறகு ஆறாம் மாதத்தில் ஒன்று, அவ்வளவுதான். 2023-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின்னும் அவர்கள் வழக்கமான வைத்தியம் பெற்றவர்களைவிட எளிதாக வேலைகளைச் செய்துவந்தார்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் எளியது, காசு கேட்காதது: நடை. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை நடக்க வழிகாட்டினார்கள். 2024-இல் வெளியான முடிவு: நடந்தவர்களுக்கு வலி மீண்டும் வர நடுமட்டமாக 208 நாள் ஆயிற்று, மற்றவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முறையாக ஒரு வழிகாட்டு நூலை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கமும் கல்வியும், உடற்பயிற்சி, சிலவகைக் கைவைத்தியம், மனத்துக்கான ஆலோசனைச் சிகிச்சை ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுப்பது, மின் அதிர்வு கொடுப்பது, அபின் இன மாத்திரை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. 'டாக்டரே நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்' என்று ஆபத்தான அறிகுறிகளை அலட்சியம் செய்துவிடக்கூடாது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், சிறுநீரோ மலமோ அறியாமல் போனாலும், பிட்டத்தைச் சுற்றி மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து இழுத்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதில் மணிக்கணக்கும் முக்கியம். இடுப்பு வலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் இளைப்பு இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. மருந்தால் அது குணமாகும். தாமதித்தால் காலே விளங்காமல் போகும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக இடுப்பு வலி வந்தாலும், வயது முதிர்ந்தவர் விழுந்தபின் வலி வந்தாலும் மருத்துவர் பார்த்தே தீரவேண்டும். ஸ்கேன் படத்திற்கு உரிய இடம் இங்கேதான்.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்காட்டிய இடுப்பு வலி ஆராய்ச்சிகள் எல்லாம் வசதி படைத்த நாடுகளில் நடந்தவை. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர் 'வழக்கமான வேலையைப் பார்' என்றால் அது ஒரு வகை. நம் ஊரில் நூறு செங்கல்லைத் தலையில் சுமந்து சாரம் ஏறும் பெண்ணின் வழக்கமான வேலை வேறு வகை. அவளிடம் போய், 'படுக்காதே, வேலையைப் பார்' என்று மட்டும் சொன்னால் அது மருத்துவ அறிவுரை ஆகாது; கொடுமையாகிவிடும். அவளுக்கு வேண்டியது சில வாரங்களுக்கு இலகுவான வேலையும், குறையாத கூலியும்.

இங்கேதான் மருத்துவத்தின் எல்லை முடிந்து சமூகத்தின் கடமை தொடங்குகிறது. ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இடுப்பு வலி என்று ஒருவர் சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவரால் முடிந்த வேலைக்கு மாற்றிக் கொடுங்கள். கூலி போய்விடும் என்ற கவலையே வலியை நாள்படச் செய்யும் காரணங்களில் ஒன்று என்று சற்றுமுன் பார்த்தோம். மருமகள் இடுப்பு வலிக்கிறது என்றால், 'ஸ்கேனில் ஒன்றும் இல்லையாமே, நடிக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். படத்தில் தெரியாத வலியும் வலிதான். அதேபோல், பாசத்தின் மிகுதியால் வயதான தாயைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருப்பதும் வேண்டாம். கைபிடித்து முற்றம் வரை நடத்திச் செல்லுங்கள். நாளைக்குத் தெருமுனை வரை.

வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களுக்கும் மரியாயின் சேனையினருக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளிகளைச் சந்திக்க வீடு வீடாகப் போகிறீர்கள். இடுப்பு வலியால் மாதக்கணக்கில் வெளியே வராதவர் இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே உட்கார்ந்து பேசுவதோடு நின்றுவிடாதீர்கள். 'வாருங்கள், கால்மணி நேரம் நடந்துவிட்டு வருவோம்' என்று அழைத்துப் பாருங்கள். வலியைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடவுங்கள். ஆராய்ச்சிகள் பலன் தரும் என்று காட்டுகிற அசைவு, ஆறுதல், அச்சம் நீங்குதல் மூன்றும் அந்தக் கால்மணி நேரத்தில் அடங்கியிருக்கின்றன. அதற்கு மருந்துச் சீட்டும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இனி யாராவது உங்களிடம் ஒரு புதிய எண்ணெயையோ, இயந்திரத்தையோ, ஊசியையோ காட்டி, 'நூறு பேருக்குக் குணமாயிற்று' என்று சொன்னால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதைச் செய்துகொள்ளாத நூறு பேருக்கு என்னவாயிற்று?' பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தொடர்ந்து பேசுங்கள். பதில் இல்லாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதும் இடுப்புக்கு ஆகாது! ஆகவே எல்லாரும் எழுந்து, கைகால்களை நீட்டி மடக்கிக்கொள்ளுங்கள்.